மௌனம் சம்மதமாகுமா? இத்தாலிய வழித்தோன்றல்களின் ஆவணத் தேடல்

ஒருவர் எந்த நாட்டின் குடிமகன் என்பதை முடிவு செய்ய உலக நாடுகள் இரண்டு அளவுகோல்களைக் கையாண்டு வந்திருக்கின்றன. ஒன்று பிறந்த மண். மற்றொன்று பெற்றோர் வழி. பிரேசில், ஆர்ஜென்டினா, ஐக்கிய அமெரிக்கா போன்ற குடியேற்ற நாடுகள் தம் மண்ணிற் பிறந்த குழந்தையைத் தம் குடியாக ஏற்றன. மக்களை அனுப்பிய நாடாகிய இத்தாலியோ, தந்தை இத்தாலியராயின் பிள்ளையும் இத்தாலியரே என்றது. ஆகவே கடல் கடந்து சென்ற இத்தாலியருக்கு அமெரிக்கக் கண்டத்திற் பிறந்த குழந்தை, தொட்டிலிலேயே இரு நாடுகளுக்கு உரியதாயிற்று. பெற்றோருக்கும் இது பெரும்பாலும் தெரியாது. தலைமுறைகள் பல கழிந்து, வழித்தோன்றல்கள் அந்த உரிமையை மெய்ப்பிக்கப் புறப்பட்டபோது பழைய ஏடுகள் மீண்டும் திறக்கப்பட்டன. அத்தேடலின் வரலாற்றை ஆராயுமிடத்து, குடியுரிமை இரத்தத்தைக் காட்டிலும் எழுத்தையே மிகுதியும் நம்பி நிற்பது புலனாகும். எழுத்து இல்லாத இடத்தில் அந்த மௌனத்துக்கு என்ன பொருள் கொள்வது என்பதே இவ்வரலாற்றின் பெரிய வழக்காகவும் அமைந்தது.

வெளியேறிய மக்கள்

இத்தாலி ஒரே அரசாக அறிவிக்கப்பட்டது 1861-ஆம் ஆண்டு மார்ச் 17-ஆம் நாள். வெனெட்டோ வட்டாரம் 1866-இலும் உரோமாபுரி 1870-இலும் அதனோடு இணைந்தன. நாடு ஒன்றுபட்டும் உழவரின் வறுமை நீங்கவில்லை. 1876 முதல் 1915 வரை அந்நாட்டை விட்டு வெளியேறியோர் தொகை ஏறத்தாழ 1 கோடியே 40 இலட்சம். அவர்களுட் பலர் திரும்பினர். பலர் சென்ற இடத்திலேயே வேரூன்றினர்.

பிரேசிலில் 1888-ஆம் ஆண்டு மே 13-ஆம் நாள் அடிமை முறை ஒழிக்கப்பட்டது. காப்பித் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. சாவோ பாவ்லோ அரசாங்கம் கப்பற் கட்டணத்தைத் தானே கொடுத்து, இத்தாலிய உழவர்களைக் குடும்பம் குடும்பமாக வரவழைத்தது. 1887-இல் திறக்கப்பட்ட குடியேறிகள் விடுதியில் அவர்கள் பெயர்கள் பதியப்பட்டன; பின்னர் அவர்கள் தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டனர். தோட்டத்து வாழ்க்கை எத்தகையது என்று இவ்வேட்டின் வாசகர்களுக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. அங்குற்ற இன்னல்களின் காரணமாக, இலவசக் கப்பற் பயணத்தில் பிரேசிலுக்கு ஆள் அனுப்புவதை இத்தாலிய அரசே 1902-இல் தடை செய்தது என்பது ஒன்றே போதும்.

ஏடுகள் தோன்றிய வரலாறு

இம்மக்களின் பெயரை எழுதி வைத்தவர் யார்? முதலில் எழுதியவை கோயில்கள். திரெந்து நகரில் கூடிய கத்தோலிக்கத் திருச்சங்கம் 1563-இல் ஞானஸ்நானத்துக்கும் திருமணத்துக்கும் பதிவேடு வைக்க வேண்டுமெனக் கட்டளையிட்டது. அரசாங்கப் பதிவு நெப்போலியன் காலத்தில் வந்தது. தென்னாட்டு நேப்பிள்ஸ் அரசில் அது 1809-இல் தொடங்கிற்று. சிசிலியில் 1820-இல் தொடங்கிற்று. ஒன்றுபட்ட இத்தாலியில் 1866 சனவரி முதலும், வெனெட்டோவில் 1871 செப்டம்பர் முதலும் ஊராட்சி அலுவலகங்களே பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றைப் பதியலாயின.

ஒரு பிறப்புப் பதிவைப் படித்துப் பார்த்தால் ஒரு குடும்பமே கண்முன் நிற்கும். நாள், நேரம், தந்தையின் பெயர், வயது, தொழில், குடியிருக்கும் இடம், தாயின் பெயர், இரு சாட்சிகள் ஆகிய அனைத்தும் அதிலுண்டு. எழுத்தறியாத தந்தையாயின், கையெழுத்திட இயலவில்லை என்ற குறிப்பும் இருக்கும். இப்பதிவுகள் இரு படிகளாக எழுதப்பட்டன. ஒன்று ஊராட்சியிலும் மற்றொன்று நீதிமன்றத்திலும் வைக்கப்பட்டன. தீயாலோ வெள்ளத்தாலோ ஒரு படி அழிந்தாலும் மறுபடி எஞ்சும் என்பது இதன் நன்மை. உழவன் மகன் பிற்காலத்தில் குடியுரிமை கோருவான் என்று எண்ணி எவரும் இவற்றை எழுதவில்லை. படைக்கு ஆள் சேர்க்கவும், சொத்துரிமையைத் தீர்க்கவும், மக்களை எண்ணவும் அரசு எழுதிற்று. ஒரு நோக்கத்துக்காக எழுதப்பட்டது வேறொரு நோக்கத்துக்குப் பயன்பட்டது.

சங்கிலியின் கண்ணிகள்

எடுத்துக்காட்டாக ஒரு குடும்பத்தை மனத்திற் கொள்வோம். வெனெட்டோவின் ஒரு சிற்றூரில் 1863-இற் பிறந்த உழவர் ஒருவர், 1888-இல் மனைவியுடன் சாவோ பாவ்லோ சென்றார். 1892-இல் ஒரு மகன். 1920-இல் ஒரு பேரன். அவனுக்குப் பின் கொள்ளுப்பேரர்கள். கொள்ளுப்பேரர் ஒருவர் இத்தாலியக் குடியுரிமையை நிலைநாட்ட வேண்டுமாயின், ஒவ்வொரு தலைமுறைக்கும் பிறப்பு, திருமணப் பத்திரங்களைச் சேர்த்துச் சங்கிலிபோற் கோத்தல் வேண்டும். ஒரு கண்ணி அறுந்தாலும் வழக்கு நில்லாது.

முதற்கண்ணியே கடினமானது. 1863-இல் வெனெட்டோ ஆஸ்திரிய ஆட்சியில் இருந்தது. அங்கே அப்போது ஊராட்சிப் பதிவு இல்லை. பாதிரியாரின் ஏடு ஒன்றே சான்று. ஆகவே, ஊரின் பெயர் தெரிந்தாற் போதாது; எந்தக் கோயிலைச் சேர்ந்த குடும்பம் என்பதும் தெரிய வேண்டும். பிரேசிலில் அரசாங்கப் பதிவு தொடங்கியது 1889 சனவரியில். மகன் 1892-இற் பிறந்தமையால் அவனுக்குப் பத்திரம் கிடைக்கக்கூடும்.

அடுத்த இடர் பெயர். ஜுஸெப்பே என்பவர் பிரேசிலில் ஜொஸே ஆனார். ஐக்கிய அமெரிக்காவில் ஜோசப் ஆனார். ஜொவான்னி என்பவர் ஜுவான் ஆனதும் ஜான் ஆனதும் உண்டு. குடும்பப் பெயரைப் பதிவாளர் தம் காதில் விழுந்தவாறு எழுதினார். நியூயார்க்கின் எல்லிஸ் தீவில் அதிகாரிகள் பெயரை மாற்றினர் என்பது பரவலான கதை. ஆயினும் பயணிகளின் பட்டியல்கள் புறப்பட்ட துறைமுகத்திலேயே எழுதப்பட்டவை. தீவின் அதிகாரிகள் அவற்றைச் சரிபார்த்தனர். பெயர் மாறியது பெரும்பாலும் பின்னாளில், வேலையிடத்திலும் பள்ளியிலும் கோயிலிலுமாம். இத்தகைய வேறுபாடுகளைத் திருத்த நீதிமன்றம் ஏறியோர் பலர்.

இல்லாமைக்குச் சான்று

பிறந்ததற்கும் மணந்ததற்கும் சான்று காட்டலாம். நிகழாத ஒன்றுக்குச் சான்று காட்டுவது எவ்வாறு? 1992 ஆகஸ்டு மாதத்துக்கு முன் ஓர் இத்தாலியர் வேறு நாட்டுக் குடியுரிமையைத் தாமே வேண்டிப் பெற்றால் தம் பழைய குடியுரிமையை இழந்தார். ஆகவே, மகன் பிறக்குமுன் தந்தை அவ்வாறு பெறவில்லை என்பதை மெய்ப்பிக்க வேண்டும். பிரேசிலில் நீதி அமைச்சும், ஆர்ஜென்டினாவில் தேர்தல் நீதிமன்றமும் இன்னார் பெயரில் அத்தகைய பதிவு இல்லை என்று சான்றிதழ் வழங்குகின்றன. பெயரின் எல்லா வடிவங்களையும் அதிற் குறிக்க வேண்டும். ஒரு வடிவம் விடுபட்டால் சான்றில் ஐயம் எழும்.

மௌனத்தின் பொருள்

இங்கேதான் மேற்கூறிய உழவரின் வரலாறு ஒரு நாட்டு வழக்காக விரிகிறது. பிரேசில் 1889 நவம்பர் 15-ஆம் நாள் குடியரசாயிற்று. புதிய அரசு அடுத்த டிசம்பர் 14-இல் ஒரு கட்டளை பிறப்பித்தது. குடியரசு பிறந்த அந்நாளில் பிரேசிலில் வாழ்ந்த அயல்நாட்டார் அனைவரும் பிரேசில் குடிமக்களாகக் கருதப்படுவர். வேண்டாதவர் ஆறு மாதத்துக்குள் நகராட்சியில் வந்து மறுத்துரைக்க வேண்டும் என்பதே அக்கட்டளை. காப்பித் தோட்டத்தில் விடிந்தது முதல் அடையும் வரை உழைத்த, எழுத்தறியாத உழவருக்கு இச்செய்தி எட்டியிருக்குமா? எட்டினும், நகராட்சிக்குச் சென்று மறுத்துரைக்க அவருக்கு வழி இருந்திருக்குமா?

மறுத்துரைக்காமையால் அவர் இத்தாலியக் குடியுரிமையை இழந்தார்; எனவே அவர் வழித்தோன்றல்களுக்கு உரிமை இல்லை என்று உரோமாபுரி மேல்முறையீட்டு நீதிமன்றம் 2021-இல் தீர்ப்பளித்தது. 2022 ஆகஸ்டு மாதத்தில் நாட்டின் உயர்முறையீட்டு நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. குடியுரிமையைத் துறத்தல் ஒருவர் தாமே விரும்பிச் செய்யும் செயலாக இருத்தல் வேண்டும். வாய் திறவாமை மட்டும் துறவு ஆகாது என்று அது விளக்கிற்று. மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்பது நம் பழமொழி. ஆயினும், பேச வாய்ப்பில்லாதவன் மௌனத்தைச் சம்மதமாகக் கொள்வது நீதியன்று என்பதே அத்தீர்ப்பின் சாரம் எனலாம்.

பெண்டிர் வரலாறும் மௌனத்தின் வரலாறே. 1912-ஆம் ஆண்டுச் சட்டப்படி குடியுரிமை தந்தை வழியே சென்றது. அயல்நாட்டாரை மணந்து அவர் குடியுரிமையைப் பெற்ற பெண் தன் குடியுரிமையையே இழந்தாள். 1948 சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு இருபாலாரையும் சமமாக்கிற்று. அரசியலமைப்பு நீதிமன்றம் 1983-இல் தாய்வழி உரிமையை ஏற்றது. 1948-க்கு முன் பிறந்த பிள்ளைகளுக்கும் அது செல்லும் என்று உயர்முறையீட்டு நீதிமன்றம் 2009-இல் அறிவித்தது.

நீண்ட சங்கிலி குறுகியது

இவ்வாறு வழி அகன்றதும் விண்ணப்பங்கள் பெருகின. தூதரகங்களில் காத்திருப்போர் வரிசை ஆண்டுக்கணக்கில் நீண்டது. வெனெட்டோவின் சிற்றூர் அலுவலகங்களும் வெனிஸ் நீதிமன்றமும் பிரேசில் வழக்குகளாற் திணறின. இத்தாலி மொழியறியாது, அந்நாட்டை ஒருமுறையும் காணாது, பயணப் பத்திரம் ஒன்றுக்காகவே உரிமை கோருவோர் பலர் என்ற முறையீடு வலுத்தது. 2025 மார்ச் 28-இல் அரசு ஓர் அவசரச் சட்டம் பிறப்பித்தது. அது மே மாதத்தில் 74-ஆம் எண் சட்டமாக நிலைபெற்றது. அயல்நாட்டிற் பிறந்து வேற்றுக் குடியுரிமையும் உடையவர், பொதுவாகத் தம் பெற்றோரோ பாட்டன் பாட்டியரோ இத்தாலியக் குடியுரிமை ஒன்றையே உடையவராய் இருந்ததைக் காட்ட வேண்டும். அல்லது பெற்றோர் தாம் பிறக்குமுன் இத்தாலியக் குடிமக்களாக அந்நாட்டில் ஈராண்டு தொடர்ந்து வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். முன்னரே விண்ணப்பித்தோருக்குப் பழைய விதியே பொருந்தும். நாம் கண்ட குடும்பத்தில் 1920-இற் பிறந்த பேரனே இருநாட்டுக் குடிமகன். ஆகவே, அவர்தம் வழித்தோன்றல்களுக்கு அந்த வாயில் பெரும்பாலும் அடைபட்டது.

நாட்டோடு உறவே இல்லாதவருக்குக் குடியுரிமை எதற்கு என்ற வினா நியாயமானதே. ஆனால், அவ்வுறவு அறுந்தது எவர் செயலால் என்பதையும் உடன் கேட்டல் வேண்டும். உழவரை நாட்டை விட்டுப் போகச் செய்தது வறுமை. வாய் திறவாது இருக்கச் செய்தது எழுத்தறியாமை. 2022-ஆம் ஆண்டுத் தீர்ப்பு இதனை உணர்ந்து பேசிற்று. 2025-ஆம் ஆண்டுச் சட்டம் தலைமுறைகளை எண்ணியதேயன்றி, அவர்கள் பேசாதிருந்த காரணத்தைக் கேட்கவில்லை.

உரிமை கிட்டினும் கிட்டாவிடினும் இத்தேடலால் விளைந்த நன்மை ஒன்றுண்டு. கையெழுத்திடத் தெரியாத ஒரு முன்னோரின் ஊரும் தொழிலும் தாயின் பெயரும் அவர்தம் வழித்தோன்றல்களுக்குக் கிடைத்தன. அவற்றைக் காத்துத் தந்தவர் சிற்றூர்ப் பாதிரியாரும் ஊராட்சி எழுத்தருமே. சேர்க்கைப் பதிவேட்டில் ஒரு பிள்ளையின் பெயரையும் பெற்றோர் பெயரையும் எழுதும் ஆசிரியரும் அவர்தம் வரிசையில் நிற்பவரே. எழுத்துப் பிழையின்றி எழுதுவதும் ஏட்டைப் பேணுவதும் சிறு கடமையெனத் தோன்றலாம். பின்னொரு காலத்தில் ஒரு குடும்பத்தின் வழக்கு அவ்வொரு வரியிலேயே நிற்கக்கூடும்.