நடுவில் நிற்கும் புரோக்கர்

மலருக்கு நம் துறை சம்பந்தமாக ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கத்தில் கேட்டார்கள். ஹாஸ்டல் கதைகளை என்னைவிட நன்றாக எழுதக்கூடியவர்கள் பலர் இருக்கிறார்கள். ஆகவே எனக்குச் சோறு போடும் தொழிலின் சரித்திரத்தில் ஒரு பகுதியைச் சொல்கிறேன். சிவில், மெக்கானிக்கல் நண்பர்களும் தைரியமாகப் படிக்கலாம்.

ஒரு பெரிய நிறுவனத்தில் கிடங்குக்கு ஒரு மென்பொருள், பில்லுக்கு ஒன்று, கணக்குக்கு ஒன்று, சம்பளத்துக்கு ஒன்று என்று இருக்கும். ஒவ்வொன்றும் மற்ற எல்லாவற்றுடனும் நேரடியாகப் பேச வேண்டும் என்றால் 10 மென்பொருளுக்கு 45 இணைப்புகள், 20 என்றால் 190. போதாததற்கு, ஒன்று படுத்துவிட்டால் அதற்காகக் காத்திருக்கும் மற்றதும் படுத்துவிடும். இதற்குத்தான் நடுவில் ஒரு புரோக்கரை வைக்கிறோம். அனுப்புபவர் செய்தியை அவரிடம் கொடுத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போகலாம். பெறுபவர் விழித்திருக்கும்போது வாங்கிக் கொள்ளலாம். 2013 ஜூலையில் நம் நாட்டில் நிறுத்தப்பட்ட தந்தி சேவை செய்ததும் ஏறக்குறைய இதுதான்: வாங்கி வை, பிறகு அனுப்பு.

நிலாவுக்குப் போன வரிசை

செய்திகளை வரிசையில் நிறுத்தும் பழக்கம் பழசு. அப்போலோ திட்டத்தின் லட்சக்கணக்கான உதிரி பாகங்களுக்குக் கணக்கு வைக்க, ஐ.பி.எம். நிறுவனம் ராக்வெல், கேட்டர்பில்லர் நிறுவனங்களோடு சேர்ந்து 1966ல் ஐ.எம்.எஸ். என்ற அமைப்பைக் கட்டத் தொடங்கியது. 1968ல் அது கலிபோர்னியாவில் ஓட ஆரம்பித்தது. டெர்மினலிலிருந்து வரும் வேலைகளை வரிசையில் நிறுத்தி ஒவ்வொன்றாகக் கவனிப்பது அதன் முறையானது. ஆனால் அதெல்லாம் ஒரே வீட்டுக்குள் நடந்த விவகாரம். வேறு வேறு கம்பெனிகளின் கணிப்பொறிகள் பேசிக்கொள்ள இன்னும் கால் நூற்றாண்டு ஆயிற்று.

இதற்கிடையே, 1980களின் நடுவில் பங்குச் சந்தை வியாபாரிகளுக்கு வேறொரு தலைவலி. ஒருவர் மேஜை மேல் நாலைந்து திரைகள், ஒவ்வொன்றிலும் ஒரு விலைப் பட்டியல். மும்பையில் பிறந்து எம்.ஐ.டி.யில் படித்த விவேக் ரணதிவே இதற்கு ஒரு வழி கண்டார். கணிப்பொறியின் உள்ளே பாகங்களை இணைக்கும் 'பஸ்' போல, மென்பொருள்களுக்கும் ஒரு பஸ் ஏன் கூடாது? விலையைச் சொல்பவர் ஒரு தலைப்பில் சொல்லிவிடுவார். அந்தத் தலைப்பு வேண்டியவர்கள் கேட்டுக் கொள்வார்கள். இவர் யார், அவர் யார் என்று ஒருவருக்கொருவர் தெரிய வேண்டியதில்லை. அவருடைய டெக்னெக்ரான் நிறுவனத்தை 1994ல் ராய்ட்டர்ஸ் வாங்கியது. 1997ல் அந்தத் தொழில்நுட்பத்தை வைத்து டிப்கோ பிறந்தது.

1993ல் ஐ.பி.எம். கொண்டு வந்த எம்.க்யூ. சீரிஸ் வேறு ரகம். அதன் கவலை வேகமல்ல, நாணயம். கொடுத்த செய்தியைத் தொலைக்க மாட்டேன், இரண்டு தடவை கொடுக்கவும் மாட்டேன், உன் டேட்டாபேஸ் வேலையோடு சேர்த்தே முடித்துத் தருகிறேன் என்றது. மெயின்ஃப்ரேமிலும் யூனிக்ஸிலும் ஒரே மாதிரி அழைக்கலாம் என்பதால் வங்கிகள் இதைப் பிடித்துக் கொண்டன. 2002ல் வெப்ஸ்பியர் எம்.க்யூ., 2014ல் ஐ.பி.எம். எம்.க்யூ. என்று பெயர்தான் மாறியது. ஆள் இன்னும் வேலையில் இருக்கிறார்.

விடுதலைப் போராட்டம்

எல்லாம் சரி, ஒரு புரோக்கரிடம் சேர்ந்துவிட்டால் வெளியே வருவது எப்படி? 1998ல் சன் நிறுவனம் ஜாவாவுக்காக ஜே.எம்.எஸ். என்ற பொது விதியைக் கொண்டு வந்தது. ஆனால் அது நிரல் எழுதும் முறையை மட்டும்தான் பொதுவாக்கியது. கம்பியில் போகும் பாஷை கம்பெனிக்குக் கம்பெனி வேறாகவே இருந்தது. ஒரு கம்பெனியின் அனுப்பும் மென்பொருள் இன்னொரு கம்பெனியின் புரோக்கரோடு பேசாது. விண்ணப்பப் படிவம் ஒன்றாக இருந்தாலும் ஊருக்கு ஊர் ரயில் பாதையின் அகலம் வேறு என்றால் என்ன பயன்?

இந்தக் கட்டை அவிழ்க்கக் கிளம்பியது மென்பொருள் கம்பெனி அல்ல, ஒரு வங்கி என்பதுதான் எனக்குப் பிடித்த இடம். ஜே.பி. மார்கன் சேஸ் வங்கியின் ஜான் ஓ'ஹாரா 2003ல் கம்பிக்கே ஒரு பொது பாஷை வேண்டும் என்று ஏ.எம்.க்யூ.பி. முயற்சியைத் தொடங்கினார். ஐமேட்டிக்ஸ் என்ற சிறு நிறுவனம் அதற்கு மென்பொருள் எழுதியது. சிஸ்கோ, ரெட் ஹாட் போன்றவர்கள் சேர, 2006ல் விதிகள் வெளியாயின. 2007ல் அந்த விதிகளின்படி ராபிட் எம்.க்யூ. வந்தது. எரிக்ஸன் நிறுவனம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்காக உருவாக்கிய எர்லாங் மொழியில் எழுதப்பட்டது அது.

பொது விதிக்கும் சோதனை வந்தது. கமிட்டியில் ஆள் கூடக் கூட விதியும் கனமாகிறது என்று சொல்லி ஐமேட்டிக்ஸே 2010ல் விலகியது. புரோக்கரே வேண்டாம் என்னும் ஜீரோ எம்.க்யூ. பக்கம் போனது. 2011ல் வெளியான ஏ.எம்.க்யூ.பி. 1.0 பழைய விதிகளோடு ஒத்துப்போகவில்லை. 2014ல் அது ஐ.எஸ்.ஓ. தரமும் ஆகிவிட்டது. ஆனாலும் ராபிட் எம்.க்யூ. 2024ல் வந்த 4.0 பதிப்பில்தான் அதைத் தன் இயல்பான பாஷைகளில் ஒன்றாக ஏற்றது. பொது மொழி எழுதுவது சுலபம், பேச வைப்பதுதான் கஷ்டம்.

அழிக்காத நோட்டுப் புத்தகம்

லிங்க்டுஇன் நிறுவனத்தில் ஜே க்ரெப்ஸ், நேஹா நார்கடே, ஜுன் ராவ் ஆகியோர் உருவாக்கி 2011ல் எல்லோருக்கும் திறந்துவிட்ட காஃப்கா, கேள்வியையே மாற்றியது. பழைய புரோக்கர், பெறுபவர் 'வாங்கிக்கிட்டேன்' என்றதும் செய்தியை அழித்துவிடும். காஃப்கா அழிப்பதில்லை, கடைப் பேரேடு மாதிரி கீழே கீழே எழுதிக்கொண்டே போகும். யார் எந்த வரி வரை படித்தார் என்பது அவரவர் குறிப்பு. குறித்த கெடு வரை வைத்திருக்கும். அதற்குள் முந்தாநாள் வரியிலிருந்து மறுபடி படிக்கலாம். எழுதுவதற்கென்றே ஆன அமைப்பு என்பதால் எழுத்தாளர் ஃப்ரான்ஸ் காஃப்காவின் பெயரை வைத்தார் க்ரெப்ஸ்.

அப்ப எதைத்தான் தேர்ந்தெடுப்பது?

சரித்திரம் தெரிந்தால் பாதி விடை கிடைத்துவிடும். ஒவ்வொரு புரோக்கரும் ஒரு குறிப்பிட்ட வலிக்கு மருந்தாகப் பிறந்தவர். நம் வலி எது என்று தெரியாமல் மருந்துக் கடைக்குப் போகக் கூடாது.

நான் வேலை பார்த்த ஓரிடத்தில் இந்த விவாதம் வாரக்கணக்கில் நடந்தது. இளைஞர்கள் எல்லோருக்கும் காஃப்காதான் வேண்டும். ராத்திரி ஷிப்டில் சிஸ்டத்தைக் கவனிக்கும் மூத்தவர் ஒருவர் மெதுவாகக் கேட்டார்: "தம்பி, ஆயிரம் பில்லுல ஒண்ணு மட்டும் கெட்டுப் போச்சுன்னா, அதை மட்டும் தனியா ஓரமா வெச்சிட்டு மிச்சத்தை அனுப்ப முடியுமா?" விலாசம் சரியில்லாத கடிதங்களுக்குத் தபால் துறை தனி ஆபீஸ் வைத்திருந்ததே, அதுதான் அவர் கேட்டது. 'டெட் லெட்டர்' என்ற பெயரும் அங்கிருந்து வந்ததே. ராபிட் எம்.க்யூ.விலும் ஐ.பி.எம். எம்.க்யூ.விலும் அது கூடவே வருகிறது. காஃப்காவில் பெரும்பாலும் நாமே கட்ட வேண்டும்; கட்டாவிட்டால் கெட்டுப்போன ஒரு வரி பின்னால் வருபவற்றை மறித்து நிற்கும். எங்களுக்கு வேண்டியது பில்களை ஒவ்வொன்றாக முடித்துக் கொடுப்பது. பழசைத் திரும்பப் படிப்பதல்ல. முடிவு அன்று சாயங்காலமே ஆனது.

மாணவத் தம்பி, தங்கைகள் வேலைக்குப் போகுமிடத்தில் கேட்க வேண்டியவை: முடிந்த செய்தி அழிய வேண்டுமா, இருக்க வேண்டுமா? வரிசை மாறினால் யாருக்கு நஷ்டம்? ராத்திரி இரண்டு மணிக்கு இதைச் சரிசெய்யத் தெரிந்தவர் யார்? ஐந்து வருடம் கழித்து வெளியே வர என்ன செலவு?

கடைசியாக ஒன்று. 'ஒரே ஒரு தடவைதான் போய்ச் சேரும்' என்று விற்பவர் சொல்வதை அப்படியே வாங்கிக்கொள்ளாதீர்கள். நம்பிக்கையில்லாத கம்பி வழியாக இருவர் முழு நிச்சயத்தோடு உடன்பட முடியாது என்பதை 1975லேயே கண்டுவிட்டார்கள். புரோக்கர் தன் எல்லைக்குள் கொடுக்கும் வாக்கு அதைத் தாண்டிச் செல்லாது. 'கிடைத்தது' என்ற பதில் வழியில் தொலைந்தால் அவர் மறுபடி அனுப்பத்தான் செய்வார். ஆகவே ஒவ்வொரு பில்லுக்கும் ஓர் எண் கொடுத்து, அதே எண் மறுபடி வந்தால் பணத்தைக் கழிக்காமல் விடும்படி பெறும் மென்பொருளை எழுதுங்கள். எந்த புரோக்கரை வைத்தாலும், யாரோ ஒருவரின் கணக்கில் பணம் இரண்டு முறை கழியாமல் காப்பாற்றப் போவது நீங்கள் எழுதும் அந்த நாலு வரிதான்.