ஊர் காத்த நினைவு

காஞ்சிபுரத்தை அடுத்து, பாலாற்றின் அருகே ஓரிக்கை எனும் ஊர் உள்ளது. அதன் பெயர்க்காரணத்தை வைணவ மரபு இவ்வாறு கூறும்: திருமழிசையாழ்வாரின் சீடர் கணிகண்ணன், பல்லவ மன்னனைப் புகழ்ந்து பாட மறுத்தமையால் நாடு கடத்தப்பட்டார். சீடருடன் ஆழ்வாரும், ஆழ்வாரின் வேண்டுகோளுக்கு இணங்கித் திருவெஃகாப் பெருமாளும் நகர் நீங்கினர். அவர்கள் ஓர் இரவு தங்கிய 'ஓரிரவிருக்கை'யே நாளடைவில் ஓரிக்கை என மருவியது. மன்னன் பிழை உணர்ந்து வேண்ட, மூவரும் மீண்டனர். இதனைக் கல்வெட்டுச் சான்றுபோல் நாம் கொள்வதற்கில்லை. எனினும், ஓர் இரவின் நினைவே ஓர் ஊரின் அடையாளமாயிற்று என்பது சிந்தனைக்குரியது. தனி மனிதரும் தம் நினைவினாலேயே தாமாக இருக்கின்றனரோ?

நான்காம் நூற்றாண்டின் இறுதியில் தம் 'அறிக்கைகள்' நூலை எழுதத் தொடங்கிய புனித அகுஸ்தினார், அதன் பத்தாம் பகுதியில் நினைவைப் பரந்த மாளிகைக்கு ஒப்பிட்டார். அங்கேயே தம்மைத் தாம் சந்திப்பதாகவும் கூறினார். ஆங்கிலேய மெய்யியலார் ஜான் லாக் இதனினும் ஒரு படி சென்றார். தம் நூலின் 1694ஆம் ஆண்டுப் பதிப்பில் சேர்த்த ஓர் இயலில், ஒருவரின் உணர்வு கடந்த காலத்தில் எவ்வளவு தூரம் எட்டுகிறதோ அவ்வளவு தூரமே அவர் அதே ஆள் என்றார். அப்படியாயின், முற்றிலும் மறந்துவிட்ட செயலுக்கு எவரும் பொறுப்பாளர் அல்லர் என்றாகிவிடும்.

ஓரிக்கைக்குத் தெற்கே, பாலாற்றுக்கு அப்பாலுள்ள உத்திரமேரூரின் கோயிற்சுவர் வேறொரு விடை தருகிறது. முதலாம் பராந்தகச் சோழன் காலத்து, கி.பி. 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் அங்குள்ளன. முப்பது குடும்புகளிலிருந்து குடவோலை வழி வாரிய உறுப்பினரைத் தெரிந்தெடுக்கும் விதிகளை அவை கூறுகின்றன. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் தகுதி பெறார். அவர் மறந்திருக்கலாம், ஊர் மறவாது. ஒருவர் யார் என்பதற்கான நினைவு அவரிடம் மட்டும் இல்லை. அவரைச் சுற்றியிருப்போரிடமும் உள்ளது.

ஆனால் ஊரின் நினைவும் கொடியதாகலாம். அதே விதி, கணக்குக் காட்டாதவரின் உறவினரையும் விலக்கியது. பிறர் செய்த குற்றத்தைச் சுமப்போர் இன்றும் நம் பங்குகளில் இல்லையா? பழியை மட்டும் காக்கும் நினைவு ஒருவரின் முழு உருவத்தைக் காட்டாது.

நம் காலத்து மருத்துவ வரலாறும் இங்குத் துணை நிற்கிறது. 1953இல் வலிப்பு நோய்க்காக மூளையில் அறுவை செய்துகொண்ட அமெரிக்கர் ஹென்றி மொலெய்சன், அதன்பின் நிகழ்ந்த எதையும் நினைவில் நிறுத்த இயலாதவரானார். பல்லாண்டுகள் தம்மை ஆராய்ந்த பிரெண்டா மில்னரையும் அவர் அறிந்துகொள்ளவில்லை. ஆயினும் 2008இல் இறக்கும்வரை, அவரது கனிவும் பணிவும் மாறவில்லை என அவருடன் பழகியோர் சான்று பகர்ந்தனர். நினைவு தளர்ந்தபோதும் ஆள் அழிந்துவிடவில்லை.

மறதி நோயுற்ற முதியோர் இன்று நம் இல்லங்கள் பலவற்றில் உள்ளனர். "அம்மாவுக்கு இனி ஒன்றும் தெரியாது" என்று அவர்கள் முன்பாகவே கூறுகிறோம். தாய் தன் பிள்ளையை மறப்பினும் தாம் மறவாத இறைவனைக் குறித்து எசாயா இறைவாக்கினர் பேசுகிறார். அந்த மறவாமையில் நமக்கும் பங்குண்டு. அவர்களை அணுகும்போது முதலில் நம் பெயரைச் சொல்வோம். மறந்ததைச் சுட்டிச் சோதிக்காதிருப்போம். அவர்களது திருமண நாளையும், பிறந்த ஊரையும், வளர்த்த பிள்ளைகளையும் பற்றி நாமே எடுத்துரைப்போம். அவர்கள் இறக்கி வைத்ததை நாம் சிறிது தூரம் சுமக்கலாம்.