ரெய்டு மேல் ஒரு யுனிக்ஸ்: பெட்டிக்குள் மாட்டிக்கொண்ட சாவி

ரெய்டு என்றதும் வருமான வரி அதிகாரிகள் ஞாபகத்துக்கு வர வேண்டாம். இது ஹார்ட் டிஸ்க் சமாச்சாரம். பல டிஸ்க்குகளைச் சேர்த்துக் கட்டி, ஒன்று செத்தாலும் தகவல் சாகாமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு. இதற்கென்றே தனி கார்டு விற்கிறார்கள். காசில்லாதவர்கள் (அதாவது நாம்) கெர்னலையே அந்த வேலையைச் செய்யச் சொல்லலாம். அதுதான் மென்பொருள் ரெய்டு. அதில் பாட்டும் படமும் சேமிப்பது சுலபம். இயங்குதளத்தையே அதன்மேல் நிறுவுவதுதான் பல வருடங்களாக ஆட்களைப் படுத்தி எடுத்த விஷயம்.

முதலில் கொஞ்சம் பூர்வீகம். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் மூவரும் எழுதிய ஆய்வுக்கட்டுரை 1988 ஜூனில் சிக்மாட் மாநாட்டில் வெளிவந்தது. அன்றைக்குப் பெரிய கணினிகளில் ஐபிஎம் 3380 மாதிரி 14 அங்குலத் தட்டுகள் வைத்த ராட்சத டிஸ்க்குகள் இருந்தன. இன்னொரு பக்கம் பர்சனல் கம்ப்யூட்டருக்காக 3.5 அங்குலத்தில், 100 எம்பி கொள்ளளவில், கானர் நிறுவனத்தின் குட்டி டிஸ்க். ராட்சதனுக்குப் பதில் குட்டிகளை அடுக்கினால் என்ன என்று கேட்டார்கள். விலை குறையும், வேகம் கூடும். ஆனால் கணக்கு போட்டால் வயிற்றைக் கலக்கும். ஒரு டிஸ்க் சராசரியாக 30,000 மணி நேரம் உழைக்கும் என்றால், 100 டிஸ்க் கொண்ட அடுக்கில் சராசரியாக 300 மணி நேரத்துக்கு ஒன்று போய்விடும். இரண்டு வாரம்கூடத் தாங்காது! அதனால்தான் உபரிப் பிரதி வேண்டும் என்றார்கள். ரெய்டு 1 முதல் 5 வரை வகை பிரித்தார்கள். (இந்த யோசனையின் சாயல் ஐபிஎம்மின் நார்மன் கென் ஓச்சி 1978-இல் பெற்ற காப்புரிமையிலேயே இருக்கிறது. பெயர் வைத்தவர்களுக்குத்தான் புகழ் போனது.) ரெய்டு என்ற பெயரின் நடுவில் இருக்கும் 'ஐ' முதலில் 'மலிவான' என்ற சொல்லைக் குறித்தது. பிற்பாடு அது 'தனித்தியங்கும்' என்று மாறிவிட்டது. மலிவு என்று சொல்லிக்கொண்டு விலையேற்ற முடியுமா என்ன :-)

கவனிக்க வேண்டியது, அவர்கள் 1989-இல் கட்டிய முதல் மாதிரி. ஒரு சன் 4/280 கணினி, 28 டிஸ்க்குகள், அவற்றைக் கோக்க ஒரு மென்பொருள். ஆக, மென்பொருள் ரெய்டை ஏழைகளுக்கான நகல் என்று கேலி செய்பவர்கள் கதையைத் தலைகீழாகப் படித்திருக்கிறார்கள்.

லினக்ஸுக்கு வருவோம். 1996-இல் வந்த 2.0 கெர்னலில் 'எம்டி' என்ற டிரைவர் இருந்தது. டிஸ்க்குகளை ஒட்டவைக்கும், அவ்வளவுதான், பாதுகாப்பு கிடையாது. இங்கோ மோல்னார் முதலானோர் எழுதிய கண்ணாடிப் பிரதி வசதிகள் பிறகு வந்தன. அவற்றின் புது வடிவம் வெகுநாள் தனி ஒட்டாகவே சுற்றிக்கொண்டிருந்து, 2001 ஜனவரியில் வந்த 2.4-இல்தான் முழுசாகக் கெர்னலுக்குள் போனது. அதே வருடம் நீல் பிரவுன் 'எம்டிஆட்ம்' கருவியை எழுதினார்.

சிக்கல் எங்கே? ரெய்டைப் புரிந்துகொள்ளும் அறிவு கெர்னலுக்குள் இருக்கிறது. அந்தக் கெர்னலோ ரெய்டுக்குள் இருக்கிறது. பெட்டியின் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டிய கதை. கணினியை ஆன் செய்ததும் பயாஸ் படிப்பது டிஸ்க்கின் முதல் 512 பைட் மட்டும். அதில் நிரலுக்கு இடம் 446 பைட். இவ்வளவு இடத்தில் ரெய்டையா விளக்க முடியும்?

தப்பிக்கும் வழி ரொம்ப எளிமையானது, எனக்கு இந்தக் கதையிலேயே பிடித்த பகுதியும் அதுதான். எம்டியின் பழைய 0.90 வடிவம் தன் குறிப்புகளைப் பார்ட்டிஷனின் கடைசி 128 கேபிக்குள் எழுதிவைக்கும். முன்பகுதியைத் தொடாது. அதனால் ரெய்டு 1-இன் ஒரு பாதியைத் தனியே எடுத்துப் பார்த்தால் அது சாதாரண ஃபைல் சிஸ்டம் மாதிரியே தெரியும். லிலோவோ கிரப்போ அப்பாவியாக அதைப் படித்துக் கெர்னலை ஏற்றிவிடும். ஏறிய கெர்னல் கண் விழித்து, இரண்டு பாதிகளையும் சேர்த்துக்கொள்ளும். ரெய்டு 5-இல் இது நடக்காது, அங்கே ஒரே கோப்பு துண்டு துண்டாகப் பல டிஸ்க்கில் கிடக்கும். அதனால்தான் 'பூட்' பகுதிக்கு மட்டும் சின்னதாக ஒரு ரெய்டு 1 ஒதுக்கும் வழக்கம் வந்தது. ஃப்ரீபிஎஸ்டி 5.3-இல் (2004) வந்த 'ஜிமிரர்' இதே தந்திரத்தைச் செய்கிறது: குறிப்பு கடைசி செக்டாரில்.

ஓடிக்கொண்டிருக்கும் கணினியை ரெய்டுக்கு மாற்றவும் ஒரு வழி கண்டார்கள். புது டிஸ்க்கை வைத்து, ஜோடி 'மிஸ்ஸிங்' என்று சொல்லி, பிறக்கும்போதே ஊனமான ஒரு ரெய்டை உருவாக்குவது. எல்லாவற்றையும் அதில் நகலெடுத்து, அதிலிருந்து பூட் செய்து, பிறகு பழைய டிஸ்க்கைச் சேர்ப்பது. சேர்த்த நிமிஷம் பழையதில் இருந்ததெல்லாம் அழியும். நகல் சரியா என்று பார்த்துவிட்டுச் சேர்த்தவர் பிழைத்தார்.

இதையெல்லாம் செய்தவர்களையும் கவிழ்த்த பொறி ஒன்று உண்டு. ரெய்டு காப்பது பார்ட்டிஷனைத்தான். பூட் நிரல் இருக்கும் முதல் செக்டார் பார்ட்டிஷனுக்கு வெளியே. அதற்குப் பிரதி கிடையாது! பல நிறுவிகள் முதல் டிஸ்க்கில் மட்டும் பூட் லோடரை எழுதிவிட்டு 'முடிந்தது' என்றன. வருடக்கணக்கில் எல்லாம் நன்றாக ஓடும். ஒருநாள் முதல் டிஸ்க் போகும். தகவல் இரண்டாவதில் பத்திரமாக இருக்கும், கணினி மட்டும் எழுந்திருக்காது. இரண்டு டிஸ்க்குக்குக் காசு கொடுத்த ஆசாமி கருப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கிரப்பை இரண்டு டிஸ்க்கிலும் கையால் எழுதுவதுதான் மருந்து.

2005-இல் டெபியன் 3.1-இன் புது நிறுவி ரெய்டு அமைப்பை மெனுவுக்குள்ளேயே கொண்டுவந்தது. பிறகு கிரப் 2 எம்டி ரெய்டைத் தானே படிக்கக் கற்றது, ரெய்டு 5 உட்பட. 2.00 பதிப்பு வந்தது 2012-இல். தொல்லை விட்டது என்று பார்த்தால் யுஇஎஃப்ஐ வந்தது. அது தேடுவது ஃபேட் வடிவில் ஒரு பார்ட்டிஷன். ரெய்டைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. ஆகவே குறிப்பைக் கடைசியில் எழுதும் 1.0 வடிவத்தைத் தேடிப்பிடித்து, அதே பழைய வித்தையைத் திரும்பச் செய்கிறார்கள். ஃபர்ம்வேர் தானாக ஒரு பாதியில் மட்டும் எதையாவது எழுதிவைத்தால் இரண்டும் முரண்படும் என்று பயப்படுபவர்கள், ரெய்டே வேண்டாம் என்று இரண்டு தனி ஃபேட் பார்ட்டிஷன் வைத்து, கெர்னல் மாறும்போதெல்லாம் இரண்டிலும் எழுதுகிறார்கள். நான் இந்த இரண்டாவது கட்சி.