பாட்டையின் வரலாறும் வரைபியல் அட்டையின் தளர்நடையும்

2014ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 4ஆம் நாள், ஏறத்தாழ இருபத்து நான்கு ஆண்டுகளாக வராதிருந்த புகையிரதம் பளை நிலையத்தை மீண்டும் வந்தடைந்தது. 1905ஆம் ஆண்டிற் கொழும்பையும் யாழ்ப்பாணத்தையும் இணைத்த இருப்புப்பாதை 1990ஆம் ஆண்டிற் போரினாற் செயலிழந்து, பின்னர்த் தண்டவாளமும் சிலிப்பர்க் கட்டையும் இன்றி அழிந்தது. போர் ஓய்ந்தபின் ஓமந்தையிலிருந்து வடக்கு நோக்கி மீள அமைக்கப்பட்ட அப்பாதை 2013 செப்டெம்பரிற் கிளிநொச்சியையும், அதன்பின் பளையையும் எட்டியது. பளைக்கு அப்பால், காங்கேசன்துறை வரையுள்ள 56 கிலோமீற்றர்ப் பகுதி அப்போது முடிவுறவில்லை. ஆதலின், அவ்வாண்டு ஒக்ரோபர் 13ஆம் நாள் யாழ்ப்பாண நிலையம் திறக்கப்படும்வரை, ஏழு திங்களுக்கு மேலாகப் பளையே கடைசி நிலையமாயிற்று. பயணிகள் அங்கே இறங்கிக் கண்டி வீதி வழியே பேருந்தில் யாழ்ப்பாணம் சென்றனர். எஞ்சினிற் குறையில்லை, பளைவரை இட்ட பாதையிலும் குறையில்லை. எஞ்சிய வழி வேறாயிருந்தமையே பயணத்தின் வேகத்தை வரையறுத்தது.

கணினியினுள்ளும் இத்தகைய வழி ஒன்று உண்டு. முறைவழியாக்கி, நினைவகம், திரையிற் காட்சியை வரைந்து தரும் வரைபியல் அட்டை முதலியன தம்முள் தரவைப் பரிமாறும் வழியை இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் ‘பாட்டை’ எனக் குறிக்கும். பாட்டையாவது பலரும் செல்லும் பெருவழி. ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் ‘பஸ்’ என்னுஞ் சொல்லும், ‘எல்லார்க்கும்’ எனப் பொருள்படும் ‘ஓம்னிபஸ்’ என்னும் இலத்தீன் சொல்லின் எச்சமே. இலக்கணத்தார் மொழியிற் கூறின், முதற்குறை. வீதியிற் செல்லும் பேருந்துக்கும் கணினியின் பாட்டைக்கும் ஆங்கிலத்தில் ஒரே பெயர் அமைந்தமைக்குக் காரணம் இதுவே.

வலிமை மிக்க வரைபியல் அட்டை ஒன்று சிலபோது தனக்குரிய பாட்டை முறையில் இயங்காது, அதனினுந் தாழ்ந்த முறையில் இயங்குவதுண்டு. திரையிற் படம் தோன்றும். எச்சரிக்கை எதுவும் தோன்றாது. வேகம் மட்டும் குன்றும். உரியவர் அட்டையே பழுதென்று கருதி வேறொன்று வாங்குவர். புதியதும் அவ்வாறே தளரக் கண்டு திகைப்பர். ஓர் உறுப்பை வாங்கப் பல மாதங்கள் பணம் சேர்க்கவேண்டிய மாணவனுக்கு இத்தவறு சிறியதன்று. இக்குறையின் வேர் பெரும்பாலும் அட்டையில் இல்லை. பாட்டையின் வரலாற்றில் உள்ளது. அவ்வரலாற்றை அறிந்தோர்க்கே குறையைக் காணும் வழி தெளிவாகும்.

1981ஆம் ஆண்டு ஓகஸ்ற்றில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட தனியாள் கணினியின் பாட்டை ஒரு வேளையில் 8 பிற்றுக்களையே சுமந்தது. அதன் துடிப்பு வீதம் செக்கனுக்கு ஏறத்தாழ 47 இலட்சத்து 70 ஆயிரம். அக்காலத்துத் திரைகள் பெரும்பாலும் எழுத்துக்களையே காட்டியமையால் அவ்வொடுங்கிய வழி போதியதாயிருந்தது. 1984ஆம் ஆண்டில் அந்நிறுவனமே பாட்டையை 16 பிற்றுக்களுக்கு விரித்தது. பழைய செருகுவாயை அவ்வாறே வைத்து, அதன் தொடர்ச்சியாகச் சிறிய செருகுவாய் ஒன்றைச் சேர்த்தமையால், பழைய 8 பிற்று அட்டைகளும் புதிய கணினியிற் பொருந்தின. பழையதைக் கைவிடாது புதியதைச் சேர்க்கும் இம்மரபு அன்று தொடங்கியது. அதனோடு முறைமாறி இயங்குங் குறையும் தொடங்கியது.

அக்குறை தோன்றிய விதம் ஆராயத்தக்கது. ஒரு நினைவக முகவரிக்குரிய அட்டை 8 பிற்றினதா 16 பிற்றினதா என்பதை அப்பாட்டை 128 கிலோபைற்று அளவான பகுதி பகுதியாகவே தீர்மானித்தது. வரைபியல் அட்டைகளுக்கென ஒதுக்கப்பட்ட முகவரிகள் யாவும் அத்தகைய ஒரே பகுதியில் அடங்கின. செய்நிரலர் சிலர் ஒரே கணினியில் வண்ண அட்டை ஒன்றையும் பழைய ஒருநிற அட்டை ஒன்றையும் சேர்த்து, இரு திரைகளைப் பயன்படுத்தினர். 16 பிற்று அட்டையும் 8 பிற்று அட்டையும் ஒரே பகுதியில் அமர்ந்தபோது பாட்டையால் அவற்றை வேறுபடுத்தல் இயலவில்லை. ஆதலின், வண்ண அட்டையிலுள்ள ஆளியை மாற்றி அதனையும் 8 பிற்று முறைக்குத் தாழ்த்தவேண்டியதாயிற்று. பிற்காலத்திற் பழைய அட்டையை அகற்றியவர் ஆளியை மீள மாற்ற மறப்பின், நல்ல அட்டை காரணமின்றியே மெல்ல நடக்கும்.

பழையதை முற்றாகத் துறக்கும் முயற்சி நிகழாமலில்லை. 1987ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் ‘மைக்குரோ சனல்’ என்னும் புதிய பாட்டையை அறிமுகஞ் செய்தது. அமைப்பிற் சிறந்ததாயினும் பழைய அட்டைகள் அதிற் பொருந்தவில்லை. பிற நிறுவனத்தார் அதனைக் கையாள உரிமக் கட்டணமும் செலுத்தவேண்டியிருந்தது. அடுத்த ஆண்டிலேயே கொம்பாக் முதலிய ஒன்பது நிறுவனங்கள் ஒன்றுகூடி, பழைய அட்டைகளையும் ஏற்கும் வேறொரு விரிந்த பாட்டையை அறிவித்தன. விலை மிகுதியால் அதுவும் பரந்து வழங்கவில்லை. மைக்குரோ சனலும் நாளடைவில் மறைந்தது. கையிலுள்ளதைப் பயனற்றதாக்கும் புதுமையை மக்கள் எளிதில் ஏற்பதில்லை என்பது இதனாற் புலனாயிற்று. பின்வந்த அமைப்பாளர் இப்பாடத்தை மறந்திலர்.

1992ஆம் ஆண்டில் இன்ரெல் நிறுவனம் வெளியிட்ட பி.சி.ஐ. பாட்டை 32 பிற்று அகலமும் செக்கனுக்கு 133 மெகாபைற்று கொள்திறனும் உடையது. அதனைப் பல அட்டைகள் பகிர்ந்துகொண்டன. முப்பரிமாணக் காட்சிகள் பெருகவே, வரைபியல் அட்டைக்கெனத் தனிவழி தேவையாயிற்று. 1996ஆம் ஆண்டில் வரையறுக்கப்பட்ட ஏ.ஜி.பி. அத்தேவையிற் பிறந்தது. அதன் அடிப்படை வேகம் செக்கனுக்கு 266 மெகாபைற்று. இருமடங்கு, நான்மடங்கு, எண்மடங்கு எனப் படிப்படியாக உயர்ந்து, 2002ஆம் ஆண்டு வரையறையில் 2133 மெகாபைற்றை எட்டியது. கணினியின் பொது நினைவகத்திற் சிதறிக் கிடக்கும் பகுதிகளை அட்டைக்கு ஒரே தொடராகக் காட்டும் அட்டவணை ஒன்று இம்முறையின் சிறப்புக்களுள் முதன்மையானது. அதனை இயக்குவதற்குத் தாய்ப்பலகைக்குரிய செலுத்தி மென்பொருள் வேண்டும். பணிசெயல் முறைமையைப் புதிதாக நிறுவியவர் அட்டையின் செலுத்தியை மட்டும் நிறுவி, பலகையின் செலுத்தியை விடுத்தாராயின், அட்டை ஏ.ஜி.பி. செருகுவாயில் இருந்துகொண்டே சாதாரண பி.சி.ஐ. அட்டைபோல இயங்கும்.

ஏ.ஜி.பி. வரலாற்றில் மற்றொன்றும் நோக்கத்தக்கது. முதலிற் சைகை மின்னழுத்தம் 3.3 வோல்ற்று, பின்னர் அது 1.5 வோல்ற்றாகக் குறைந்தது. ஒன்றுக்குரிய அட்டையை மற்றொன்றிற் செருகின் பழுது நேரக்கூடுமாதலின், செருகுவாயிலே தடுப்பும் அட்டையிலே வெட்டும் அமைத்துப் பொருந்தாதவாறு செய்தனர். வேகக் குறைவுக்கோ அத்தகைய தடுப்பு எதுவும் இல்லை. தீங்கு நேருமிடத்துத் தடையும், தளர்ச்சி நேருமிடத்து மௌனமும் அமைந்தன. முறைமாறிய அட்டையைக் கண்டறிதல் அரிதாவது இம்மௌனத்தினாலேயே.

2004ஆம் ஆண்டளவிற் கணினிகளில் இடம்பெறத் தொடங்கிய பி.சி.ஐ. எக்ஸ்பிறஸ் ஒரே அகன்ற வழியை விடுத்துப் பல ஒழுங்கைகளாக அமைந்தது. வரைபியல் அட்டைக்கு வழக்கமாக 16 ஒழுங்கைகள். முதல் தலைமுறையில் ஓர் ஒழுங்கை ஒரு திசையிற் செக்கனுக்கு 250 மெகாபைற்றைச் சுமந்தது. 2007இல் வந்த இரண்டாம் தலைமுறையில் 500. 2010இல் வரையறுக்கப்பட்ட மூன்றாந் தலைமுறையில் ஏறத்தாழ 985. நான்காவதும் ஐந்தாவதும் முறையே அதனை இரட்டித்துச் சென்றன. கணினியை இயக்கும் ஒவ்வொரு முறையும் அட்டையும் பலகையும் தம்முள் உடன்பாடு செய்கின்றன. எத்தனை ஒழுங்கைகள் உயிருடன் உள்ளன என்பதை முதலில் ஆராய்ந்து, மிகத் தாழ்ந்த வேகத்தில் தொடங்கி, இருபாலாரும் ஏற்கும் மிக உயர்ந்த வேகத்திற்கு ஏறுகின்றன. ஓர் ஒழுங்கையின் தொடுமுனை அழுக்குற்றாலும் 16 என்பது 8 ஆகவோ அதனினுங் குறைவாகவோ சுருங்கலாம். உடன்பாடு தோற்பதில்லை, தாழ்கிறது.

இவ்வரலாற்றிலிருந்தே பரிகார முறை பெறப்படும். அட்டை, செருகுவாய், முறைவழியாக்கி ஆகிய மூன்றின் தகுதியையும் முதலில் அறிந்து, பின் அவை செய்துகொண்ட உடன்பாட்டை அதனோடு ஒப்பிடல்வேண்டும். விண்டோசில் ‘ஜி.பி.யூ.-இசட்’ என்னும் மென்பொருளும், லினக்சில் ‘எல்.எஸ்.பி.சி.ஐ.’ என்னும் கட்டளையும் தகுதியையும் நடப்பையும் தனித்தனியே காட்டும். ஓய்வு வேளையில் அட்டை மின்சாரத்தைச் சேமிக்கத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளுமாதலின், கடுமையான வரைபியற் பணியொன்றை ஓடவிட்டே இதனை நோக்குதல் முறை. அப்போதும் எண் உயராதாயின், செருகுவாயை ஆராய்தல் வேண்டும். நீளத்தில் ஒத்த இரு செருகுவாய்களுள் ஒன்று 16 ஒழுங்கைகளையும் மற்றது நான்கினையுமே பெற்றிருத்தல் கூடும். பலகையின் கையேடு இதனைக் கூறும். சில பலகைகளில் வேறு செருகுவாயிலுள்ள சேமிப்பகமும் ஒழுங்கைகளைப் பங்கிட்டுக்கொள்ளும்.

அதன்பின், மின்னிணைப்பை முற்றாக நீக்கி, அட்டையைக் கழற்றித் தொடுமுனைகளைத் துடைத்து, பூட்டு விழும்வரை நேராக அழுத்திச் செருகல்வேண்டும். மணற்றூசியும் கடற்காற்றின் உப்பும் கலந்து வீசும் பளை போன்ற நிலப்பகுதியில் இவ்வெளிய செயலை முந்திச் செய்தல் நன்று. இடையில் நீட்டிப்பு வடம் இருப்பின் அதனை அகற்றி நேரே பொருத்திப் பார்த்தலும், பயோஸ் அமைப்பிற் பாட்டையின் தலைமுறை தாழ்த்தி வைக்கப்பட்டுள்ளதா என நோக்கலும் அடுத்தன. ஒரு வேளையில் ஒரு மாற்றமே செய்தல்வேண்டும். இன்றேல் குறை நீங்கினும் காரணம் விளங்காது. இவை யாவும் முடிந்து, வேறொரு கணினியிலும் அட்டை தளருமாயின் மட்டுமே அதனைப் பழுதெனத் தீர்த்தல் தகும்.

குறுகிய வழி எப்போதும் பழுதினால் வருவதன்று. 2022ஆம் ஆண்டில் வெளிவந்த ஏ.எம்.டி. நிறுவனத்தின் ரேடியன் 6500 எக்ஸ்.ரி. அட்டை நான்கு ஒழுங்கைகளோடேயே ஆக்கப்பட்டது. நான்காந் தலைமுறைப் பலகையில் அவை நான்கும் சேர்ந்து செக்கனுக்கு ஏறத்தாழ 7,900 மெகாபைற்றைச் சுமக்கும். மூன்றாந் தலைமுறைப் பலகையில் அதிற் பாதியே. 4 கிகாபைற்று நினைவகமே உடைய அவ்வட்டை, அது நிரம்பியபோது பொது நினைவகத்தை நாடவேண்டியிருந்தமையால், பழைய பலகைகளில் வெளிப்படையாகத் தளர்ந்தது. குறைந்த விலை அட்டையைத் தேடுவோரிடம் பழைய பலகை இருத்தல் இயல்பு. ஆதலின், வாங்குமுன் ஒழுங்கைகளை எண்ணுதல் வாங்கியபின் வருந்துவதினும் சிறந்தது.

பழையதோடு பொருந்திச் செல்லுதல் கணினி வரலாற்றில் ஒரு பெரும் நன்மை. புதியதை முழுமையாக வாங்க இயலாதோரும் உறுப்பு உறுப்பாகச் சேர்த்துக் கணினி அமைக்க அதுவே இடந்தந்தது. அந்நன்மைக்கு உரிய விலை ஒன்றுண்டு. பொருத்தமின்மை பேசாதிருக்கும் என்பதே அவ்விலை. பேசாத குறையை அளந்தே அறிதல்வேண்டும். 2014ஆம் ஆண்டிற் பளை நிலையத்தில் இறங்கிய பயணி எவரும் புகையிரதத்தைக் குறைகூறியிரார். பாதை அங்கு முடிந்தமை கண்முன் நின்றது. கணினியினுள்ளே பாதை எங்கு ஒடுங்குகின்றதென்பது கண்ணுக்குத் தெரியாது. ஆதலின், அட்டையைத் தூற்றுமுன் அது எவ்வழியில் வந்ததென வினவுதலே அறிவுடையோர் செயலாகும்.