அமெரிக்க முதனிலைத் தேர்தலும் முற்போக்கு வேட்பாளர்களும்: 1904 முதல் 2025 வரை

அமெரிக்காவில் ஒரு கட்சியின் வேட்பாளரைத் தலைமை அறிவிப்பதில்லை. பொதுத்தேர்தலுக்குச் சில மாதங்களுக்கு முன்பே மக்கள் வாக்களித்து அவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இதுவே முதனிலைத் தேர்தல். முற்போக்காளர்கள் போராடிப் பெற்ற இந்த முறை, முற்போக்கு வேட்பாளர்களுக்கு எப்போது கைகொடுத்தது, எப்போது கைவிட்டது? நூற்றிருபது ஆண்டு வரலாற்றைப் புரட்டினால், உறுப்பினர்களைச் சேர்த்து வீடு வீடாகச் சென்ற அமைப்புகளே இம்முறையின் பலனை முழுதாகப் பெற்றிருக்கின்றன.

விஸ்கான்சின் மாநிலத்தில் ராபர்ட் லா ஃபாலெட் 1896இலும் 1898இலும் ஆளுநர் பதவிக்குப் போட்டியிட முயன்றார். இரண்டு முறையும் குடியரசுக் கட்சியின் மாநாடு அவரை ஒதுக்கியது. மாநாட்டுக்கு வந்த பிரதிநிதிகள் ரயில்வே முதலாளிகளுக்கும் மர வியாபாரிகளுக்கும் வேண்டியவர்களாக இருந்தனர். 1900இல் ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட அவர், வேட்பாளர் தேர்வை மாநாட்டிடமிருந்து பிடுங்கி மக்களிடம் கொடுக்கும் சட்டத்துக்காக மன்றாடினார். 1904 நவம்பரில் பொது வாக்கெடுப்பில் அச்சட்டம் நிறைவேறியது. 1906இல் நடந்த முதல் தேர்தலில் லா ஃபாலெட் ஆதரித்த இர்வின் லென்ரூட், ஜேம்ஸ் டேவிட்சனிடம் தோற்றார். சட்டத்தைக் கொண்டுவந்தவருக்கே அது முதல் அடியைக் கொடுத்தது. தலைவரின் செல்வாக்கு ஊர்தோறும் வாக்காகத் தானே மாறிவிடாது என்பதை அன்றே பலர் உணர்ந்திருக்க வேண்டும்.

அதை முழுமையாக உணர்ந்து செயல்பட்டவர்கள் வடக்கு டகோட்டாவின் கோதுமை விவசாயிகள். ஆய்வாளர்கள் இவர்களை அடிக்குறிப்பில் நிறுத்திவிடுவது எனக்கு வருத்தம் தருகிறது. விளைச்சலின் தரத்தையும் விலையையும் மினியாபொலிஸ் ஆலைக்காரர்கள் முடிவு செய்தார்கள். கடனுக்கு வங்கிகள் வைத்ததே வட்டி. 1915இல் ஆர்தர் டவுன்லி என்ற நொடித்துப்போன விவசாயி கட்சி சாரா சங்கத்தைத் தொடங்கினார். சங்கத்தின் ஊழியர்கள் ஃபோர்டு கார்களில் பண்ணை பண்ணையாகப் போய் உறுப்பினர் சேர்த்தார்கள். கையில் பணமில்லாதவர்கள் அறுவடைக்குப் பிந்தைய தேதியிட்ட காசோலையாகச் சந்தாவைக் கொடுத்தார்கள். சங்கத்துக்கெனச் சொந்தப் பத்திரிகையும் இருந்தது.

அவர்கள் புதுக்கட்சி தொடங்கவில்லை. அம்மாநிலத்தில் குடியரசுக் கட்சியின் முதனிலைத் தேர்தலில் வென்றவரே அநேகமாக ஆளுநராவார். ஆகவே 1916 ஜூனில் அத்தேர்தலில் லின் ஃப்ரேசியர் என்ற விவசாயியை நிறுத்தி வென்றார்கள். நவம்பரில் அவர் ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1919இல் அரசு வங்கி, அரசு மாவு ஆலை, தானியக் கிடங்கு ஆகியவற்றுக்கான சட்டங்கள் நிறைவேறின. 1921இல் வாக்காளர்கள் ஃப்ரேசியரைத் திரும்ப அழைத்துப் பதவியிலிருந்து இறக்கினார்கள். அந்நாட்டில் அப்படிப் பதவியிழந்த முதல் ஆளுநர் அவர்தான். ஆனால் வங்கியும் ஆலையும் இன்றும் மாநில அரசின் உடைமையாக இயங்குகின்றன.

1934இல் கலிபோர்னியாவில் எழுத்தாளர் அப்டன் சின்க்ளேர் இதே வழியில் இறங்கினார். நெடுங்காலம் சோஷலிஸ்ட் கட்சியில் இருந்தவர் ஜனநாயகக் கட்சியில் பதிவு செய்துகொண்டு, வறுமை ஒழிப்புத் திட்டத்தோடு ஆகஸ்டில் முதனிலைத் தேர்தலை வென்றார். உடனே ஹாலிவுட் முதலாளிகள் அவருக்கு எதிராகப் போலிச் செய்திப்படங்களைத் திரையரங்குகளில் ஓட்டினார்கள். நவம்பரில் குடியரசுக் கட்சியின் ஃப்ராங்க் மெரியம் அவரைத் தோற்கடித்தார். எனினும் அந்த இயக்கத்தின் அலையில் சட்டமன்றத்துக்குள் நுழைந்த கல்பர்ட் ஓல்சன் 1938இல் ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

தென் மாநிலங்களின் கதை இதற்கு நேர்மாறு. அங்கே அக்காலத்தில் ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் யாரோ அவரே வெற்றியாளர். கருப்பின மக்களை அந்த முதனிலைத் தேர்தலிலிருந்து விலக்கிவிட்டால் பொதுத்தேர்தல் வாக்குரிமையால் அவர்களுக்குப் பயனில்லை. டெக்சாஸ் 1923இல் இதைச் சட்டமாகவே இயற்றியது. உச்ச நீதிமன்றம் 1927இல் அதை ரத்து செய்தது. கட்சி தனி அமைப்பு என்று சொல்லி விலக்கு வேறு வடிவில் தொடர்ந்தது. 1944இல் ஹூஸ்டன் பல்மருத்துவர் லானி ஸ்மித்தின் வழக்கில் தர்குட் மார்ஷல் வாதாடி வென்ற பிறகே அந்த ஏற்பாடு சட்டப்படி வீழ்ந்தது. முதனிலைத் தேர்தல் கட்சியின் வீட்டு விவகாரம் என்று இன்றும் சொல்பவர்கள் இத்தீர்ப்பைப் படிக்க வேண்டும்.

அதிபர் தேர்தலில் மாற்றம் தாமதமாகவே வந்தது. 1968இல் ஜனநாயகக் கட்சியில் வியட்நாம் போரை எதிர்த்த யூஜின் மெக்கார்த்தி நியூ ஹாம்ப்ஷயர் முதனிலைத் தேர்தலில் 42 விழுக்காடு பெற்று, பதவியிலிருந்த லிண்டன் ஜான்சனை அதிரவைத்தார். ஆனால் ஒரு முதனிலைத் தேர்தலிலும் களமிறங்காத ஹூபர்ட் ஹம்ப்ரிக்கே சிகாகோ மாநாடு வாய்ப்பளித்தது. அதனால் எழுந்த கொந்தளிப்பில் பிறந்த கட்சிச் சீர்திருத்தக் குழுவின் புதிய விதிகளால் 1972இல் ஜார்ஜ் மெக்கவர்ன் வேட்பாளரானார். 49 மாநிலங்களில் தோற்றார். கட்சிப் பெரியவர்கள் 1984 முதல் தங்களுக்கென மாநாட்டில் தனி வாக்குகளை ஒதுக்கிக்கொண்டார்கள். 2016இல் அதிபர் வேட்பாளராக முயன்ற முற்போக்காளர் பெர்னி சாண்டர்ஸின் ஆதரவாளர்கள் கடுமையாக எதிர்த்ததால், 2018இல் அந்த வாக்குகள் முதல் சுற்றில் கட்டுப்படுத்தப்பட்டன.

சாண்டர்ஸ் தோற்றாலும் அவர் திரட்டிய சிறு நன்கொடையாளர்களும் தொண்டர்களும் கலைந்துபோகவில்லை. 2018 ஜூன் 26 அன்று நியூயார்க்கில் நடந்த முதனிலைத் தேர்தலில் 28 வயது அலெக்ஸாண்ட்ரியா ஒக்காசியோ கோர்டெஸ், பிரதிநிதிகள் சபையில் கட்சியின் நான்காம் நிலைத் தலைவரான ஜோசப் கிரௌலியைத் தோற்கடித்தார். அன்று பதிவானவை 30,000க்கும் குறைவான வாக்குகளே. வாக்களிப்பு குறைவாக உள்ள இடத்தில் கதவைத் தட்டும் ஒவ்வொரு தொண்டருக்கும் பெரிய மதிப்பு உண்டு. அடுத்த ஆண்டே, பதவியிலிருப்பவர்களை எதிர்ப்பவர்களுக்கு வேலை செய்யும் நிறுவனங்களோடு உறவில்லை என்று கட்சியின் தேர்தல் குழு அறிவித்தது. 2021இல் அந்தத் தடை நீக்கப்பட்டது.

வாக்களிப்பு குறைவு என்பதால் பெரும்பணத்துக்கும் இதே தேர்தல் வசதியாக அமைகிறது. 2010இல் உச்ச நீதிமன்றம், நிறுவனங்களும் தொழிற்சங்கங்களும் வேட்பாளரைச் சாராமல் செய்யும் தேர்தல் செலவுக்கிருந்த தடையை அகற்றியது. 2024இல் நியூயார்க்கின் முற்போக்கு உறுப்பினர் ஜமால் போமனை முதனிலைத் தேர்தலில் வீழ்த்த, இஸ்ரேல் ஆதரவு அமைப்பான ஐபாக்கின் தேர்தல் நிதிப் பிரிவு 1.4 கோடி டாலருக்கு மேல் கொட்டியது. அவருடைய தொகுதியின் எல்லை மாறியதும் தோல்விக்கு ஒரு காரணம். ஆனாலும் அத்தனை பணத்துக்குத் தொண்டர் பலம் மட்டும் ஈடாகவில்லை. இரு மாதத்துக்குள் இன்னொரு முற்போக்கு உறுப்பினரான கோரி புஷ்ஷும் அதே நிதியின் எதிர்ப்பில் தோற்றார்.

ஆனால் 2025 ஜூனில் நியூயார்க் மேயர் பதவிக்கான ஜனநாயகக் கட்சியின் முதனிலைத் தேர்தலில் முற்போக்கு வேட்பாளர் சோஹ்ரான் மம்தானி, முன்னாள் ஆளுநர் ஆண்ட்ரூ குவோமோவை வென்றார். குவோமோவுக்கு ஆதரவான அமைப்பு 2 கோடி டாலருக்கு மேல் செலவிட்டிருந்தது. மம்தானியிடம் பல்லாயிரம் தொண்டர்கள் இருந்தார்கள். நகரச் சட்டமும் துணைநின்றது: நகரவாசி தரும் நன்கொடையில் முதல் 250 டாலர் வரை, ஒவ்வொரு டாலருக்கும் நகரமே எட்டு டாலர் சேர்த்துத் தருகிறது. போமன் போட்டியிட்ட பிரதிநிதிகள் சபைத் தேர்தலுக்கு அத்தகைய உதவி கிடையாது. சிறு நன்கொடைக்கு ஆறு மடங்கு சேர்த்துத் தரும் ஏற்பாடு கொண்ட மசோதா 2021 மார்ச்சில் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறி, செனட்டில் குடியரசுக் கட்சியினரால் முடக்கப்பட்டது. முற்போக்கு வேட்பாளர்களை ஆதரிப்போர் அடுத்துக் கேட்க வேண்டியது அந்தச் சட்டத்தைத்தான்.