கணினிசார் அறிவியலில் ஆய்வு இடங்கள்: வாசல்களும் சட்டத்தின் விலக்கும்

வெள்ளானூர், ஆவடி வட்டாரத்திலிருந்து பட்டம் பெற்று வெளிவரும் முதல் தலைமுறை மாணவர் பலருக்கு, அதே மாநகரில் உள்ள சென்னை ஐஐடியும் தரமணி கணித அறிவியல் நிறுவனமும் எட்டாத தொலைவில் நிற்கின்றன. ஆய்வு இடம் எவ்வாறு பெறப்படுகிறது என்ற செய்தியே அவர்களைச் சென்றடைவதில்லை.

கணினிசார் அறிவியல் என்பது கணினித்துறைப் பட்டதாரிகளுக்கு மட்டும் உரியதன்று. புரதங்களின் வடிவம், பருவநிலை, நோய்ப்பரவல் ஆகியவற்றைக் கணக்கீட்டால் ஆராயும் இத்துறைக்குள் இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் பயின்றோரும் நுழையலாம். அவர்களுக்குச் சிஎஸ்ஐஆர் நெட் தேர்வும், கணினி அறிவியல் பயின்றோருக்கு யுஜிசி நெட் தேர்வும் உள்ளன. கேட் தேர்வு இரு சாராருக்கும் பயன்படும். யுஜிசியின் 2022ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, முனைவர் பட்டச் சேர்க்கைக்கு முதுகலையில் 55 விழுக்காடு தேவை. பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு 5 விழுக்காடு தளர்வு உண்டு.

உதவித்தொகையைப் பொறுத்தவரை, பட்டியல் சாதியினருக்கான தேசிய ஆய்வு உதவித்தொகை முதல் இரண்டாண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாயும், பின்னர் 42,000 ரூபாயும் வழங்குகிறது. இதற்கான தேர்வு நெட் மதிப்பெண்ணைச் சார்ந்தது. கிறித்தவர்களாக மதம் மாறிய ஆதிதிராவிடர்கள் இதைப் பெற இயலாது. எனினும், முழுநேர ஆய்வாளர்களுக்குத் தமிழ்நாடு அரசு ஆண்டுக்கு வழங்கும் 1 லட்சம் ரூபாய் உதவித்தொகை அவர்களுக்கும் உரியது. வெளிநாட்டில் ஆய்வு செய்ய, ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகை உள்ளது. முனைவர் பட்டத்திற்குப் பிந்தைய தேசிய ஆய்வு உதவித்தொகைக்கு வயது வரம்பு 35; பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 5 ஆண்டுகள் தளர்வு உண்டு.

தேர்வில் வென்ற பின்னும் நெறியாளரைத் தேடவேண்டும். அவருடைய அண்மைக்காலக் கட்டுரை ஒன்றைப் படித்து, அதில் எழுந்த கேள்வியையும் தாம் எழுதிய சிறு நிரலையும் இணைத்து ஒரு பக்கக் கடிதம் அனுப்புவது பயன்தரும். பரிந்துரைக்க ஆளில்லாதவருக்கு அவருடைய வேலையே பரிந்துரை. நிறுவனங்கள் தம் இணையதளங்களில் அறிவிக்கும் குறுகியகாலத் திட்டப்பணிகளும் நல்ல நுழைவாயில்கள்.

ஆயினும் தனிமனித முயற்சியால் மட்டும் திறவாத கதவு ஒன்றுண்டு. மத்தியக் கல்வி நிறுவனங்களில் 15 விழுக்காடு பட்டியல் சாதியினருக்கும் 7.5 விழுக்காடு பழங்குடியினருக்கும் ஒதுக்கும் 2006ஆம் ஆண்டுச் சட்டம், ஐஐடிகளைக் கட்டுப்படுத்துகிறது. ஆனால் அதன் 4ஆம் பிரிவு, அட்டவணையில் உள்ள உயர் ஆய்வு நிறுவனங்களுக்கு விலக்கு அளிக்கிறது. டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனமும், கணினிசார் உயிரியலில் முனைவர் பட்ட ஆய்வு நடைபெறும் தரமணி கணித அறிவியல் நிறுவனமும் அந்த அட்டவணையில் உள்ளன. மக்கள் வரிப்பணத்தில் இயங்கும் நிறுவனங்களுக்கு இவ்விலக்கு எதற்கு?

அந்த அட்டவணையைத் திருத்தக் கோருவது இயக்கங்களின் கடமை. மாணவரும் காத்திருக்க வேண்டியதில்லை: தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய்க் கட்டணத்தில், ஒவ்வொரு துறையிலும் பிரிவுவாரியாக எத்தனை பேர் விண்ணப்பித்தனர், எத்தனை பேர் சேர்க்கப்பட்டனர் எனக் கேட்கலாம். அந்த எண்களே நம் வாதத்திற்கு முதல் சான்று.