தேர்வு வயல் எங்கே? கடற்கரைச் சமவெளிக்கான குட்டைப் புதர் ரோஜா குறித்து

புதிய ரோஜா வகையை உருவாக்குவது என்றதும் பலருக்கும் தோன்றுவது மகரந்தக் கலப்புதான். கலப்பு ஒரு காலைப்பொழுதில் முடிந்துவிடும். அதிலிருந்து முளைத்த நாற்றுகளில் எதை வைத்துக்கொள்வது, எதைப் பிடுங்கி எறிவது என்பதே எட்டு, பத்து ஆண்டு வேலை. பிடுங்கி எறிவது எந்த மண்ணில் நடக்கிறதோ, எஞ்சும் செடி அந்த மண்ணுக்கே உரியதாகிறது. சாலையோரத்திலும் பள்ளி வளாகத்திலும் கூட்டமாக நட்டு, மருந்தும் கவனிப்பும் அதிகமில்லாமல் விடக்கூடிய குட்டைப் புதர் ரோஜா தமிழ்நாட்டு, புதுச்சேரிக் கடற்கரைச் சமவெளியில் பரவலாக வேரூன்றவில்லை. தாய், தந்தைச் செடிகளுக்குப் பஞ்சமில்லை. தேர்வு வயல்தான் எப்போதும் வேறெங்கோ இருந்துவந்திருக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

வாதத்துக்கு ஓர் இடம் வேண்டும். புதுச்சேரிக்குத் தெற்கே, தவளக்குப்பத்துக்கு அருகிலுள்ள அபிஷேகப்பாக்கத்தை எடுத்துக்கொள்கிறேன். ஒட்டியுள்ள சிங்கிரிகுடி நரசிம்மர் கோயிலால் பலரும் அறிந்த ஊர். அங்கிருந்து பாகூர் வரையிலான வட்டாரம் முழுதும் ரோஜாவுக்கு வைக்கும் சோதனை ஏறத்தாழ ஒன்றே. கோடைப் பகலில் வெப்பம் 37, 38 டிகிரி செல்சியஸைத் தொடும். அதைவிட முக்கியம், கோடை இரவிலும் 26 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. பகலில் சேர்த்த உணவை இரவு மூச்சிலேயே செடி செலவழித்துவிடும். பூ சிறுக்கும், இதழ் குறையும், நிறம் வெளிறும். ஆண்டு மழையில் பெரும்பகுதி வடகிழக்குப் பருவமழையாக இரண்டு மூன்று மாதத்தில் கொட்டும். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலின்போது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் பெய்தது. அடுத்த இரண்டு நாளில் தென்பெண்ணை வெள்ளம் பாகூர் பக்கத்துக் கிராமங்களுக்குள் வந்தது. நெல்லுக்குப் பழகிய களிமண்ணில் இவ்வளவு நீர் தேங்கினால் ரோஜா வேர் மூச்சு முட்டி அழுகும். கடலை நெருங்க நெருங்கக் கிணற்றுநீரில் உப்பேறும் சிக்கல் வேறு.

ஆக, இங்கே ரோஜாவைக் கொல்பவை: ஏப்ரலில் செம்பேன், நவம்பரில் வேரழுகல், கவாத்து முடிந்த கையோடு நுனிக்கருகல். இலைகளில் கரும்புள்ளி நோய் மழைக்காலத்தில் வருவது உண்டு; அதனால் மட்டும் செடி சாவது குறைவு. இந்த வரிசையை மனத்தில் வைத்துக்கொண்டு வெளிநாட்டுப் பெயர்பெற்ற புதர் ரோஜாக்களைப் பார்க்க வேண்டும்.

உலகச் சந்தையில் தோட்ட அழகு ரோஜா என்ற கருத்தையே மாற்றியது அமெரிக்காவின் 'நாக் அவுட்'. விஸ்கான்சின் மாநிலத்தைச் சேர்ந்த வில்லியம் ராட்லர் உருவாக்கிய அது 2000-இல் சந்தைக்கு வந்தது. ராட்லரின் செய்முறைதான் என்னைக் கவர்வது. கரும்புள்ளி பிடித்த இலைகளைப் பொறுக்கிக் காயவைத்துப் பொடித்து நாற்றுகளின் மேல் தூவினார். மேலிருந்து நீர் தெளித்து நோயை வளரவிட்டார். அதில் தேறியதைத்தான் வைத்துக்கொண்டார். விஸ்கான்சின் குளிர்காலம் இரண்டாவது தேர்வாளர். ஜெர்மனியில் கோர்டஸ் நிறுவனம் 1990 வாக்கில் தன் சோதனை வயல்களில் பூசணக்கொல்லி தெளிப்பதை நிறுத்தியது. ரோஜாக்களுக்கு அந்நாட்டில் வழங்கும் ஏ.டி.ஆர். சான்றுக்கான சோதனையும் 1997 முதல் மருந்தில்லாமல்தான் நடக்கிறது. இந்தச் சல்லடைகளின் கண்கள் கரும்புள்ளிக்கும் உறைபனிக்கும் அளவெடுத்தவை. செம்பேனும் தேங்கிய நீரும் அவற்றில் சலிக்கப்பட்டதே இல்லை. ராட்லரின் புதரை இறக்குமதி செய்வதைவிட அவர் முறையை இறக்குமதி செய்வதே நமக்கு லாபம்.

நம் பக்கத்தில் இதை வேறொரு முனையிலிருந்து தொடங்கியவர் எம்.எஸ். வீரராகவன். ஐ.ஏ.எஸ். பணியிலிருந்து முன்கூட்டியே ஓய்வு பெற்று, மனைவி கிரிஜாவுடன் கொடைக்கானலில் குடியேறி, பல பத்தாண்டுகள் ரோஜாக் கலப்பில் ஈடுபட்டவர். இன்றைய ரோஜாக்களின் உருவாக்கம் குளிர்நாடுகளின் தேவையை ஒட்டியே நடந்தது, வெப்பநாட்டு ரோஜா வேண்டுமானால் வெப்பநாட்டுக் காட்டு இனங்களிலிருந்து தொடங்க வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. ஆஸ்திரேலியாவின் ஆலிஸ்டர் கிளார்க் இதே திசையில் முன்னோடி. மணிப்பூர், பர்மா மலைகளின் 'ரோசா ஜைகான்டியா'வைக் கொண்டு அவர் உருவாக்கிய 'லொரெய்ன் லீ' 1924-இல் வெளிவந்தது. வீரராகவன் தம்பதி இதோடு இன்னொன்றையும் சேர்த்தார்கள்: 'ரோசா கிளினோஃபில்லா'. வங்கத்து ஆற்றோரங்களில், வெள்ளத்தில் மூழ்கி எழும் இடங்களில் வளரும் வெள்ளைப் பூ இனம். உண்மையான வெப்பமண்டல ரோஜா என்று சொல்லத்தக்கது இது ஒன்றே. பாகூர்க் களிமண்ணின் நவம்பரைத் தாங்க ஒரு தாய்ச்செடியைக் கனவு கண்டால், ஏறக்குறைய இதைத்தான் காண்போம்.

இங்கே ஒரு வரலாற்று ஆசையைத் தள்ளிவைக்க வேண்டியிருக்கிறது. 1816-இல் புதுச்சேரிக்குக் கிளம்பிய பிரெஞ்சுத் தாவரவியலாளர் லெஷெனோ தெ லா தூரின் பெயரைத் தாங்கிய காட்டு ரோஜா ஒன்று நீலகிரி, பழனி மலைகளில் உண்டு: 'ரோசா லெஷெனோல்டியானா'. புதுச்சேரி ரோஜாவுக்கு இதைவிடப் பொருத்தமான மூதாதை ஏது என்று தோன்றும். ஆனால் அது குளிர்ந்த சோலையோரத்தில் மரங்களின் மேல் படரும் கொடி. ஆண்டுக்கு ஒரு பருவமே பூக்கும். ஊர்ப்பாசம் அதற்குச் சமவெளியில் வேர் தராது.

லெஷெனோவின் பணிகளுள் ஒன்று, இங்கிருந்து பயிர்ச்செடிகளையும் விதைகளையும் பூர்போன் தீவுக்கு, அதாவது இன்றைய ரெயூனியனுக்கு, அனுப்புவது. அதே ஆண்டுகளில் அந்தத் தீவில்தான் நமக்கு உண்மையில் பயன்படும் ரோஜா கவனத்துக்கு வந்தது. நிலங்களின் எல்லையில் வேலியாகச் சீன ரோஜாவையும் டமாஸ்க் ரோஜாவையும் சேர்த்து நடுவது அங்கு வழக்கம். இரண்டும் தாமே கலந்து பிறந்ததாகக் கருதப்படும் செடியைத்தான் 'எட்வர்ட் ரோஜா' என்கிறோம். தமிழகச் சமவெளியில் மாலைக்கும் பூசைக்கும் விளையும் ரோஜாக்களில் எட்வர்டும், பட்டன் ரோஜா என்று வழங்கும் ஆந்திரச் சிவப்பும்தான் முதன்மையானவை. வேலியில் பிறந்த செடி. குச்சி வைத்தாலே பிடிக்கும். ஆண்டு முழுதும் பூக்கும். நம் வெயிலில் பல தலைமுறை தாண்டியது. கலப்பு வேலையில் இருப்போர் இதை வேர்க்கட்டையாக மட்டும் பார்த்துப் பழகிவிட்டார்கள். தோட்ட அழகு ரோஜாவுக்குப் பெற்றோராக இதைத்தான் முதலில் எண்ணியிருக்க வேண்டும்.

கிளினோஃபில்லாவையும் எட்வர்டையும் ஒரு குட்டைப் புதரில் சேர்க்கும் இந்தத் திட்டத்துக்கு மரபியல் கணக்கு ஓரளவே இசைவு. குட்டைத்தன்மை எளிது, சீனக் குறு ரோஜாவிலிருந்து வரும் அந்தப் பண்பு ஓங்கு பண்பு என்பதால் முதல் தலைமுறையிலேயே தெரியும். தொடர்ந்து பூப்பது ஒடுங்கு பண்பு. கே.எஸ்.என். என்ற மரபணுவுக்குள் ஒரு நகரும் துணுக்கு புகுந்ததால், பூப்பதைத் தடுக்கும் ஆணை செயலிழந்தது. 2012-இல் வெளிவந்த ஆய்வு இதை விளக்கியது. ஆகவே கிளினோஃபில்லாவோடு சேர்த்த முதல் தலைமுறை பருவப் பூவாகவே நிற்கும்; எட்வர்டோடோ பட்டன் ரோஜாவோடோ மீண்டும் கலந்தால்தான் தொடர்பூ திரும்பும். இடையில் மலட்டுத்தன்மை என்ற சுவர் இருக்கிறது. இன்றைய ரோஜாக்களில் பெரும்பாலானவற்றுக்குக் குரோமோசோம் 28, காட்டினத்துக்கு 14. சேர்ந்தால் 21, அது பெரும்பாலும் காய்க்காது. 14 கொண்ட சீனக் குறு ரோஜாக்களிலிருந்து தொடங்குவது இதனால்தான் புத்திசாலித்தனம். (பயிர்ச்செடிகளின் குரோமோசோம் எண்களை டார்லிங்டனுடன் சேர்ந்து 1945-இல் நூலாகத் தொகுத்த ஜானகி அம்மாளின் பெயரை வீரராகவன் தம்பதி தங்கள் ரோஜா ஒன்றுக்குச் சூட்டியது வெறும் மரியாதை மட்டுமல்ல.) எண்ணிக்கை ஒத்துவந்தாலும் போதாது: கிளினோஃபில்லாவின் ஒரே நெருங்கிய உறவான 'பிராக்டியேட்டா'விலிருந்து சிறு புதர்களை எடுக்கக் கலிபோர்னியாவின் ரால்ஃப் மூர் பல பத்தாண்டுகள் உழைத்தார்.

கொடைக்கானலிலோ ஏற்காட்டிலோ கலந்து, அங்கேயே தேர்ந்தெடுத்து, சமவெளிக்கு அனுப்பினால் என்ன? கலப்பை மலையில் செய்வதில் எனக்கு மறுப்பில்லை. சமவெளியில் ஜனவரியில் மகரந்தம் சேர்த்தால் காய் முதிர நான்கு மாதம் ஆகும். அதற்குள் அக்னி நட்சத்திரம் வந்து காய் உதிர்ந்துவிடும். விதைக்கும் எட்டு, பத்து வாரக் குளிர்ப்பதம் வேண்டும். சிக்கல் அடுத்த படியில். கொடைக்கானலின் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் எந்த ரோஜாவும் அழகாகத்தான் தெரியும். தொடர்பூ நாற்று முளைத்த சில வாரங்களிலேயே முதல் பூவைக் காட்டும். உருவாக்குபவரின் கை அந்தப் பூவின் நிறத்தைப் பார்த்தே நீளும். செம்பேனையும் உப்புநீரையும் தாங்கும் பண்புகள் ஒற்றை மரபணுவில் இல்லாதவை, கண்ணுக்குத் தெரியாதவை. பூவுக்காகத் தேர்ந்த நூறு செடியில் அவை தற்செயலாகத்தான் இருக்கும். ஊட்டியில் 1995-இல் அமைந்த ரோஜாப் பூங்காவில் செழிக்கும் வகை எதுவும் புதுச்சேரிச் சமவெளியின் வில்லியனூரில் என்ன ஆகும் என்று நமக்குச் சொல்லாது.

ஆகவே நாற்றுகள் நான்கு இலை விட்டதும் சமவெளிக்கு இறங்க வேண்டும். பசுமைக்குடில் வேண்டாம், மருந்து வேண்டாம். ராட்லர் நோயிலையைத் தூவியது போல இங்கே செம்பேன் பிடித்த கிளையை வரிசைகளுக்கு நடுவே வைக்கலாம். நவம்பரில் வடிகாலை வேண்டுமென்றே சில நாள் அடைக்கலாம். ஒரு பாத்திக்கு உப்பேறிய கிணற்றுநீரையே பாய்ச்சலாம். முதல் இரண்டு மழைக்காலம் வரை பூவைக் கணக்கில் எடுக்கவே கூடாது. இழப்பு பெரிதாக இருக்கும். இத்தேர்வில் ஆயிரத்தில் ஐந்து நின்றாலே நல்ல ஆண்டு என்பேன்.

பூவைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம்மூரில் பொதுஇடத்தில் பூக்கும் நல்ல ரோஜா விடிவதற்குள் யார் வீட்டுச் சாமி படத்துக்கோ போய்விடும். அதைக் குற்றமாகச் சொல்லவும் முடியாது. அடுக்கு இதழும் நீண்ட காம்பும் கொண்ட வகை சாலையோரத்தில் வெறும் இலைப் புதராகவே நிற்கும். ஐந்திதழ் ஒற்றைப் பூ, கொத்தாகப் பூத்து, பறித்தால் உதிர்ந்து, வாடியது தானே விழுவது நமக்கு ஏற்றது. குட்டை இட்லிப்பூவோடு போட்டியிட வேண்டிய செடி இது. இட்லிப்பூவை யாரும் கவாத்துக்காக ஆள் வைத்துக் காப்பதில்லை.

இவ்வகைச் சோதனையில் வழக்கமாக நுழையும் பிழை ஒட்டுக்கட்டுவது. நர்சரிக்காரர்கள் எட்வர்ட் வேர்க்கட்டையில் மொட்டு ஒட்டுவதே விரைவு என்பார்கள். விற்பனைக்கு அது சரி. தேர்வு வயலில் அப்படிச் செய்தால் தேங்கிய நீரைத் தாங்கியது புதிய செடியா, அடியிலிருக்கும் எட்வர்ட் வேரா என்று பிரித்தறிய வழியில்லை. விதைநாற்று தன் வேரிலேயே நிற்கட்டும்; தேறியதைக் குச்சி வைத்துப் பெருக்க வேண்டும்; குச்சியில் பிடிக்காத செடி எவ்வளவு அழகாக இருந்தாலும் தேர்விலிருந்து விலக வேண்டியதுதான்.